மதினிக்கு என்ன, அண்ணன் மகளுக்கு என்ன? சமையல்கட்டுக்குப் பண்டிகைப் பரிசு

டிசம்பர் 1, இரவு

வத்தலக்குண்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்:

"அக்கா, எங்கள் மதினி கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் சின்ன மெஸ் நடத்துகிறார். அவர் மகள் சென்னையில் ஃபுட் ஸ்டைலிங் பார்க்கிறாள். விளம்பரப் படங்களுக்குச் சாப்பாட்டை அழகாக அடுக்கிக் கொடுப்பதுதான் வேலை. கிறிஸ்துமஸ் லீவுக்கு மலைக்கு வந்து பொங்கல் வரை இருக்கப்போகிறாள். இரண்டு பேருக்கும் சேர்த்து 2,000 ரூபாய்க்குள் ஏதாவது வாங்க வேண்டும். கடையில் காபி கப் செட்டையும் நான்ஸ்டிக் தவாவையும்தான் எடுத்துக் காட்டுகிறார்கள்."

இரண்டுமே வேண்டாம் தம்பி. காலையில் எழுதுகிறேன். இங்கே இப்போது இருபது பேருக்குச் சப்பாத்தி போய்க்கொண்டிருக்கிறது.

டிசம்பர் 2, காலை 5.40

கொடைக்கானல் செண்பகனூரில் ஒரு விடுதியில் 19 வருஷமாகச் சமைக்கிறேன். எனக்கு வந்த பரிசுகளில் பாதிக்கு மேல் பரணில் இருக்கின்றன. காய் சீவும் இயந்திரம், முட்டை வேகவைக்கும் டப்பா, பன்னிரண்டு கண்ணாடிக் கிண்ணம். கொடுத்தவர்கள் எல்லோரும் பிரியமாகத்தான் கொடுத்தார்கள். ஆனால் ஒவ்வொன்றும் வரும்போதே எனக்கு ஒரு வேலையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தது. கழற்றிக் கழுவ வேண்டும், இடம் தேட வேண்டும், பழக வேண்டும்.

தினமும் என் கை படுகிற பரிசு ஒன்றைச் சொல்கிறேன். என் மாமியார் கொடுத்த இரும்புத் தோசைக்கல். கடையில் வாங்கி அப்படியே கொடுக்கவில்லை. நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே ஒரு மாதம் பழக்கி வைத்திருந்தார். எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சாம்பல் போட்டுத் தேய்த்து, அரிசி கழுவிய தண்ணீரில் ஊறவைத்து, சூடேற்றி, வெங்காயத்தைப் பாதியாக நறுக்கி நல்லெண்ணெய் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து, முதல் நாலைந்து தோசைகளைப் பிய்ந்தபடியே எடுத்து, அதன் பிறகுதான் என் கைக்குக் கொடுத்தார். முதல் நாளே எனக்கு முறுகலாகத் தோசை வந்தது. புது வீட்டில் புது அடுப்பில் நின்ற எனக்கு அந்தத் தோசை எவ்வளவு தைரியம் கொடுத்தது என்பது இன்னும் நினைவிருக்கிறது.

அதனால் என் பதில் இதுதான்: சமைப்பவருக்குக் கொடுக்கும் பொருளில் பாதி வேலையை நீங்களே முடித்துக் கொடுங்கள். பழக்கிய கல், கொத்திய அம்மி, சாணை பிடித்த கத்தி.

டிசம்பர் 2, இரவு

காலையில் எழுதியதைத் திரும்பப் படித்தேன். ஒன்றைத் திருத்த வேண்டும். மதினியின் அடுப்பு என்ன அடுப்பு என்று கேட்டுவிட்டுக் கல் வாங்குங்கள். நடுவில் குழிந்த பழைய மாதிரிக் கல் இன்டக்ஷன் அடுப்பில் சரியாக உட்காராது. மெஸ் என்றால் பெரிய காஸ் பர்னராக இருக்கும், பெரிய தட்டைக் கல் ஏற்கெனவே இருக்கும். அப்படியானால் கல்லே வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. மலைக்குக் கீழே பழக்கிய கல்லுக்கும் இங்கே பழக்கிய கல்லுக்கும் வித்தியாசம் இருக்கிறது. இங்கே மஞ்சு, அதாவது மூடுபனி, இறங்கிவிட்டால் சுவரே வியர்க்கும். ஒரு ராத்திரி ஈரத்தோடு வைத்தால் காலையில் செந்துரு பூத்துவிடும். கழுவியதும் அடுப்பிலேயே காயவைத்து, சூடு ஆறும்முன் எண்ணெய் தடவி வைக்க வேண்டும். கொடுக்கும்போது இதையும் வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

டிசம்பர் 4

ஒருவர் கேட்கிறார்: "மலையில் சமைப்பதற்கும் கீழே சமைப்பதற்கும் அப்படி என்ன வித்தியாசம்? சாமான் எல்லாம் ஒன்றுதானே?"

ஒன்றில்லை. கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரம். உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறைகிறது. சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் தண்ணீர் கொதிக்கும் சூடும் இறங்குகிறது. கீழே 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் எங்களுக்கு 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதித்துவிட்டதே என்று பார்த்தால் பருப்பு வேகாது. நீங்கள் எவ்வளவு விறகு வைத்தாலும், காஸைக் கூட்டினாலும், திறந்த பாத்திரத்துத் தண்ணீர் அந்த 93-ஐத் தாண்டாது. குக்கரில் கீழே 120 டிகிரி போல வரும், இங்கே 116 போலத்தான் வரும். சமையல் குறிப்பில் மூன்று விசில் என்று போட்டிருந்தால் நான் ஐந்து வைப்பேன். ராஜ்மாவுக்குக் கணக்கே வேறு.

இதை எழுதும்போதுதான் மனசில் பட்டது. தம்பி, மதினிக்கு நல்ல பரிசு வேண்டுமா? அவர் குக்கர் எந்தக் கம்பெனி, எத்தனை லிட்டர் என்று ஒரு தடவை போய் மெதுவாகப் பார்த்து வாருங்கள். அந்தக் குக்கருக்குச் சரியான கேஸ்கெட் இரண்டு, சேஃப்டி வால்வு ஒன்று, வெயிட் ஒன்று. இவ்வளவுதான். எங்கள் குக்கர்கள் அடுப்பில் நிற்கும் நேரம் அதிகம், ரப்பர் சீக்கிரம் தளர்ந்துவிடும். கிறிஸ்துமஸ் வாரத்தில் விடுதி நிறைந்திருக்கும்போது கேஸ்கெட் போய் நான் தவித்த தவிப்பு எனக்குத்தான் தெரியும். அன்றைக்கு ஒரு கடையில் அளவு தப்பான கேஸ்கெட்டைக் கொடுத்து "இழுத்து மாட்டினால் சரியாகிவிடும்" என்று அனுப்பினார்கள். ஆவி பக்கவாட்டில் போய்க்கொண்டே இருந்தது. மதியம் சாம்பார் இரண்டு மணிக்குத்தான் ஆனது. அந்த நேரத்தில் யாராவது ஒரு கேஸ்கெட்டைக் கொண்டுவந்து நீட்டியிருந்தால் தங்கக் காப்பாக நினைத்து வாங்கியிருப்பேன்.

டிசம்பர் 5

"கேஸ்கெட்டையா பரிசாகக் கொடுப்பது, பார்க்க நன்றாக இருக்காதே" என்று இரண்டு பேர். பார்க்க நன்றாக இருக்க வேண்டுமென்றால் ஒரு சுங்குடித் துண்டில் முடிந்து கொடுங்கள். துண்டு அடுப்படிக்கு உதவும். எப்படியும் பிளாஸ்டிக் பை சுற்றிக்கொண்டு மலை ஏறாதீர்கள்.

டிசம்பர் 6

மலைச் சமையல்கட்டுக்கென்றே மூன்று சாமான்கள் உண்டு. கடையில் யாரும் எடுத்துக் காட்டமாட்டார்கள்.

முதலாவது அகன்ற வாய் எண்ணெய் பாட்டில். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். இங்கே டிசம்பரில் பகலிலேயே அந்தச் சூடு கிடையாது. கழுத்துக் குறுகிய அழகான எண்ணெய்க் குடுவையை யாரோ கொடுத்தால் எண்ணெய் உள்ளேயே கல்லாகிக் கிடக்கும், வெந்நீரில் வைத்து வைத்து எடுக்க வேண்டும். கரண்டி நுழைகிற வாய், இறுக மூடும் மூடி. அது போதும்.

இரண்டாவது மாவுப் பாத்திரத்துக்கு ஒரு கம்பளி உறை. இது கையால் தைப்பது. இட்லி மாவு கீழே எட்டு மணி நேரத்தில் பொங்கிவிடும். இங்கே இந்த மாதத்தில் அரைத்துவைத்து மறுநாள் ராத்திரிகூட அப்படியே படுத்துக் கிடக்கும். நான் அடுப்புப் பக்கத்தில் வைப்பேன், அரிசி மூட்டைக்குள் புதைப்பேன், பழைய ஸ்வெட்டரைச் சுற்றுவேன். போன வருஷம் கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி பழைய கம்பளியை இரண்டு மடிப்பாக மடித்து, நடுவில் பஞ்சு வைத்து, பாத்திரத்துக்குத் தொப்பி மாதிரி தைத்துக் கொடுத்தாள். வெதுவெதுப்பான தண்ணீரில் மாவைக் கரைத்து இதைப் போட்டு மூடினால் 14 மணி நேரத்தில் பொங்கிவிடுகிறது. அவள் செலவழித்தது நூல் காசு மட்டும்தான்.

மூன்றாவது மாக்கல்லில் குடைந்த கல்சட்டி. இதில் எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. குளிரில் குழம்பு இறக்கி வைத்த ஐந்தாவது நிமிஷம் ஆறிவிடும் எங்கள் ஊருக்கு மாக்கல்லைப் போல ஒன்று கிடையாது. சூட்டை அவ்வளவு நேரம் பிடித்து வைக்கும், இறக்கிய பிறகும் உள்ளே கொதித்துக்கொண்டிருக்கும். ஆனால் பழக்காத கல்சட்டியை மட்டும் கொடுக்கவே கூடாது. கஞ்சித் தண்ணீரை ஊற்றி ஊற்றி வைத்து, விளக்கெண்ணெயும் மஞ்சளும் தடவி, சிறுதீயில் மெல்ல மெல்லச் சூடு காட்ட வேண்டும். நான் ஒன்றை உடைத்திருக்கிறேன். சூடான சட்டியில் குழாய்த் தண்ணீரை விட்டேன். இங்கே குழாய்த் தண்ணீர் எவ்வளவு சில்லென்று இருக்கும்! அடிவரை விரிசல் ஓடியது. என் அம்மா கொடுத்த சட்டி. இப்போதும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது.

டிசம்பர் 7

சட்டியைப் பற்றி எழுதிவிட்டு மேற்கொண்டு எழுத மனசு வரவில்லை. இன்று சரி.

டிசம்பர் 9

அண்ணன் மகளைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே என்று தம்பி நினைவூட்டினார்.

ஸ்டைலிங் வேலையை எனக்குத் தூரத்திலிருந்துதான் தெரிந்திருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு குழு எங்கள் விடுதியில் நாலு நாள் தங்கிப் படம் எடுத்தது. அவர்களுக்குச் சமைத்துக் கொடுத்தவள் நான். அந்த நாலு நாளும், குழுவில் ஸ்டைலிங் பார்த்த பெண்ணின் பெட்டியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நுனி வளைந்த இடுக்கி இரண்டு. ஓவியம் வரையும் தூரிகைகள், மயிரிழை மாதிரி ஒன்றிலிருந்து கட்டைவிரல் அகலம் வரை. ஊசியில்லாத சிரிஞ்சு, சட்னியைச் சொட்டுச் சொட்டாக வைக்க. காது துடைக்கும் பஞ்சுக் குச்சி, தட்டின் ஓரத்தைத் துடைக்க. மருந்துக் கடை கிளிசரின், தண்ணீரோடு சரிபாதி கலந்து தெளித்தால் தக்காளி மேல் நீர்த்துளி மணிக்கணக்கில் உருளாமல் நிற்கும். வெயிலை மென்மையாக்க ஜன்னலில் ஒட்டும் டிரேசிங் பேப்பர். வெளிச்சத்தைத் திருப்பிவிட வெள்ளைத் தெர்மகோல், நிழலைக் கூட்டக் கறுப்புச் சார்ட்.

இதில் எதை வாங்கிக் கொடுத்தாலும் உதவும், விலையும் குறைவு. ஆனால் எல்லாம் அவளிடம் ஏற்கெனவே இருக்கும். எது தேய்ந்து தீர்கிறதோ அதைக் கொடுங்கள். தூரிகை தேயும், கிளிசரின் தீரும்.

டிசம்பர் 10

ஒரு பெரியவர் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். சாப்பிட முடியாதபடி கிளிசரின் தெளித்த சாப்பாட்டைச் செய்வது பாவமில்லையா என்று.

எனக்கும் முதல் நாள் வயிறு எரிந்தது ஐயா. ஐஸ்கிரீமுக்குப் பதில் மசித்த உருளைக்கிழங்கு, பாகுக்குப் பதில் வண்டி ஆயில் என்று அந்தத் தொழிலில் பழைய பழக்கங்கள் உண்டு. அந்தப் பெண் ஒரு பழைய வழக்கையும் சொன்னாள். அமெரிக்காவில் கேம்பெல் சூப் கம்பெனி விளம்பரத்தில் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டு, காய்த்துண்டுகள் மேலே தெரியும்படி வைத்துப் படம் எடுத்தார்கள். அரசின் வர்த்தக ஆணையம் பிடித்துக்கொண்டது, 1970-இல் இனி அப்படிச் செய்யக் கூடாது என்று உத்தரவு வந்தது. விற்கிற பொருளையே பொய்யாகக் காட்டக் கூடாது என்பதுதான் அதன் சாரம்.

அவள் தன் வேலையில் நிஜச் சாப்பாட்டையே வைத்தாள். பீன்ஸை முக்கால் வேக்காட்டில் எடுத்து ஐஸ் தண்ணீரில் போட்டாள், பச்சை அப்படியே நின்றது. கிளிசரின் தெளித்த ஒரே ஒரு தட்டைத் தனியாக ஒதுக்கிவைத்தாள், மீதியை எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். அதன் பிறகு எனக்கு அந்த வேலை மேல் மரியாதை வந்தது. தேங்காய்ச் சட்னியின் மேல் கடுகு எந்தப் பக்கம் விழ வேண்டும் என்று ஒருத்தி அரை மணி நேரம் யோசிப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

டிசம்பர் 10, சற்றுக் கழித்து

இதைச் சொல்ல விட்டுப்போனது. ஆவிதான் அவர்களுக்குப் பெரிய தலைவலியாம். சென்னையில் சூடான இட்லியை வைத்தாலும் படத்தில் ஆவி தெரியாது, சுற்றியிருக்கும் காற்றே சூடு. நனைத்த பஞ்சைச் சூடாக்கித் தட்டின் பின்னால் மறைத்து வைப்பார்கள். இங்கே காலை ஏழு மணிக்கு நான் இட்லித் தட்டைத் திறந்ததும் ஆவி தூண் மாதிரி எழும்பி நின்றது. அந்தப் பெண் கேமராக்காரரைக் கூப்பிட்ட கூப்பாட்டில் விடுதியே விழித்துக்கொண்டது. வெளிச்சமும் அப்படித்தான். மதியம் மஞ்சு ஏறிவிட்டால் வெயில் சல்லடையில் சலித்த மாதிரி இறங்கும், கடும் நிழலே விழாது. டிரேசிங் பேப்பரை அவள் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

அதனால் தம்பி, அண்ணன் மகளுக்கு நீங்கள் கொடுக்கக்கூடிய பெரிய பரிசு ஒரு காலைப்பொழுது. மதினியின் மெஸ்ஸில் கூட்டம் இல்லாத ஒரு நாள், கிழக்கு ஜன்னல், அம்மா அவிக்கும் இட்லி. நீங்கள் தெர்மகோலைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.

டிசம்பர் 12

பொருளாகத்தான் கொடுக்க வேண்டும் என்றால் பழைய பாத்திரம் கொடுங்கள். புதியது வேண்டாம். இங்கே நான் மேலே சொன்னதற்கு நேர்மாறாகச் சொல்கிறேன். சமைப்பவருக்கு வேலை முடித்துக் கொடுக்க வேண்டும், இவளுக்கோ வேலை எதுவும் செய்யாமல் கொடுக்க வேண்டும்.

அந்தப் பெண் ஊருக்குப் போகும்போது என் பாட்டியின் பித்தளைச் செம்பு ஒன்றைக் கேட்டிருந்தாள். கொடுப்பதற்கு முந்தின நாள் ராத்திரி, அழுக்கோடு கொடுக்கக் கூடாது என்று, புளியும் உப்பும் போட்டு முழங்கை வலிக்கத் தேய்த்தேன். தங்கமாக மின்னியது. காலையில் பார்த்தவள் முகம் வாடிவிட்டது. மின்னும் பித்தளை கண்ணாடி மாதிரி, எதிரே நிற்கும் ஆளும் கேமராவும் ஜன்னலும் அதில் தெரியும். களிம்புக்கு முந்தின அந்த மங்கல் நிறத்துக்காகத்தான் கேட்டிருக்கிறாள். ஐம்பது வருஷத்து மங்கலை ஒரே ராத்திரியில் எடுத்துவிட்டேன். அவள் அதையும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள், ஆனால் எனக்கு ஆறவில்லை.

ஆக: ஓரம் தேய்ந்த எனாமல் தட்டு, மங்கிய பித்தளை, பளபளப்பில்லாத மண் கிண்ணம், பேரிக்காய் வந்த மரப்பெட்டியின் பலகை, பழைய காடாத் துணி. பலகையைக் கழுவலாம், தேய்க்காதீர்கள். தட்டு பெரிதாக வேண்டாம். சின்னத் தட்டில்தான் சாப்பாடு நிறைவாகத் தெரியும் என்றாள்.

டிசம்பர் 13

நீலகிரிப் பக்கத்து வாசகி ஒருவர் தோடர் பூத்தையல் துணியை வாங்கி, தட்டுக்கு அடியில் விரிக்கக் கொடுக்கலாமே என்கிறார். சிவப்பும் கறுப்புமாக வெள்ளைத் துணியில் எவ்வளவு அழகு, 2013-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. வாங்கிக் கொடுங்கள், நிச்சயம் கொடுங்கள், ஆனால் போர்த்திக்கொள்ளவோ சுவரில் மாட்டவோ கொடுங்கள். அந்த மக்கள் தங்கள் பெரியவர்களின் கடைசிப் பயணத்திலும் போர்த்துகிற துணி அது. அதன் மேல் குழம்புச் சட்டியை வைக்க எனக்கு மனசு ஒப்பவில்லை.

டிசம்பர் 15

கத்தி கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்கிறார்களே என்று ஒரு கேள்வி. எங்கள் வீட்டில் உப்பு, மிளகாய் போலவே கத்தியையும் கைக்குக் கை கொடுக்கமாட்டோம். கீழே வைத்தால் அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். பதிலுக்கு ஒரு ரூபாய் வாங்கிக்கொள்ளும் வழக்கமும் சிலரிடம் உண்டு. அவர்கள் மனசுக்கு எது சரியோ அப்படிச் செய்யுங்கள்.

புதுக் கத்தியைவிட, இருக்கும் கத்திகளைச் சாணை பிடித்துக் கொடுப்பது மேல். ஆனால் கூட்ட நாளில் எடுத்துப் போகாதீர்கள். நான் அப்படி ஒருவருக்கு நல்லது செய்யப்போய் அவரை ஒரு நாள் முழுக்கத் தேங்காய் உடைக்கும் அரிவாளால் வெங்காயம் நறுக்க வைத்துவிட்டேன்.

டிசம்பர் 17

தெர்மாமீட்டர் கொடுக்கலாமா என்று கேட்டவருக்கு: கொடுக்கலாம், ஒரு சீட்டும் சேர்த்து. உங்கள் வீட்டில் தண்ணீரைக் கொதிக்கவிட்டு முதலில் அளந்து பாருங்கள். 93 காட்டினால், புத்தகத்தில் இருக்கும் பாகுக் கணக்கு எல்லாவற்றிலும் ஏழு டிகிரி குறைக்க வேண்டும். புத்தகம் 114 என்றால் இங்கே 107-இலேயே அந்தப் பதம் வந்துவிடும். இது தெரியாமல் நான் கடலை மிட்டாய்ப் பாகைக் கருக்கியிருக்கிறேன். என் பாட்டி கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்ப்பார். அந்தச் சோதனைக்கு மலையும் தெரியாது கடலும் தெரியாது, பாகு எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதை மட்டும் பார்க்கும். எந்த ஊரிலும் தப்பாது.

கேக்குக்கும் இதே கதை. கீழே எழுதிய அளவில் பேக்கிங் பவுடர் போட்டால் இங்கே சட்டென்று எழும்பி நடுவில் குழிந்துவிடும். நான் கால் பங்கு குறைத்துப் போட்டு, ஒரு கரண்டி பால் கூட்டிக்கொள்கிறேன்.

டிசம்பர் 19

சாப்பிடும் பொருளாகக் கொடுப்பதென்றால் எங்கள் மலையில் பூம்பாறை ஊரில் விளையும் பூண்டு. புகை படும் இடத்தில் கட்டித் தொங்கவிட்டதாகக் கேட்டு வாங்குங்கள், மாதக்கணக்கில் இருக்கும். 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கும் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. அப்போதிருந்து பெயரை மட்டும் சொல்லி விற்பவர்களும் உண்டு, ஒரு பல்லை நசுக்கி மோந்து பாருங்கள். தாண்டிக்குடிப் பக்கத்து மிளகும் நல்லது. சென்னைக்கு சாக்லேட் அனுப்புவதானால் ராத்திரி பஸ்ஸில் அனுப்புங்கள்.

டிசம்பர் 27

தம்பி படம் அனுப்பியிருக்கிறார். மதினிக்கு கேஸ்கெட், வால்வு, அகன்ற வாய் பாட்டில், தன் மனைவி தைத்த கம்பளி உறை. எல்லாம் ஒரு சுங்குடித் துண்டில். அண்ணன் மகளுக்கு பேரிக்காய்ப் பெட்டிப் பலகை இரண்டு, வத்தலக்குண்டு பழைய பாத்திரக் கடையில் எடுத்த மங்கிய டபராவும் டம்ளரும். டபராவைத் தேய்க்கவில்லை என்று குறிப்பு வேறு. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை இட்லி ஆவியையும் படம் எடுத்தார்களாம். தெர்மகோல் பிடித்தது தம்பி.

ஜனவரி 18

பொங்கலுக்கு மதினியே எழுதியிருக்கிறார். கேஸ்கெட் இன்னும் மாற்றவில்லையாம், பழையது ஓடுகிறது, ஆனால் அலமாரியில் இருப்பதே நிம்மதி என்கிறார். உறையில் மட்டும் ஒரு குறை. மாவு நன்றாகப் பொங்கி, மூடியைத் தூக்கி, கம்பளி உள்பக்கமெல்லாம் அப்பிக்கொண்டது. துவைத்தால் இந்தக் குளிரில் காய மூன்று நாள். அதனால் தைக்கப்போகிறவர்கள் மூடிக்கு மேல் நாலு விரல் உயரம் கூட்டித் தையுங்கள். உள்ளே கழற்றித் துவைக்கிற மாதிரி ஒரு காடாத் துணியும் வையுங்கள்.